தாய் பாடிய பாட்டை மாற்றியது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போர் என்று சொன்னதும் பீரங்கி நினைவுக்கு வரும். பதுங்குகுழி நினைவுக்கு வரும். சீருடை நினைவுக்கு வரும். வீட்டு வரவேற்பறையில் நிற்கும் பியானோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு அந்தப் பியானோவின் மேல்தான் நடந்தது. பெற்ற பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு தாய் என்ன பாட வேண்டும் என்பதே அந்த வழக்கு.

1915ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தாய்மார்கள் கையில் இருந்த பாட்டு ஒன்று. 1917ஆம் ஆண்டில் அவர்கள் கைக்கு வந்த பாட்டு வேறொன்று. இடைவெளி இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் தாயின் மனம் மாறியதா, அல்லது பாட்டு மட்டும் மாறியதா? மாற்றியவர் யார்? இன்றைய உரை இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

பத்துக் காசுப் பாட்டு

முதலில் இசைத்தாள் என்றால் என்னவென்று பார்த்துவிட வேண்டும். ஒரு பாடலின் வரிகளையும், அதைப் பியானோவில் வாசிப்பதற்கான சுரக்குறிப்பையும் சேர்த்து அச்சிட்டு, வண்ண அட்டை போட்டு விற்பதுதான் இசைத்தாள். உள்ளே பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்கள்தாம் பாட்டு. ஒரு காலத்தில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய அதைப் போன்றது இது. வேறுபாடு என்னவென்றால், பாட்டுப் புத்தகத்தை வாங்கியவர் படம் பார்த்துவிட்டு வீட்டில் முணுமுணுத்தார். இசைத்தாளை வாங்கியவர் வீட்டில் அமர்ந்து வாசித்தே ஆக வேண்டும். வாசிக்காவிட்டால் அந்தப் பாட்டு அந்த வீட்டுக்குள் வராது.

அன்று வானொலி இல்லை. அமெரிக்காவில் முறையான வானொலி ஒலிபரப்பு 1920இல்தான் தொடங்கியது. இசைத்தட்டு இருந்தது. ஆனால், நடுத்தரக் குடும்பத்தின் மாலைப் பொழுதை ஆண்டு வந்தது பியானோதான். 1909ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான பியானோக்களைச் செய்து தள்ளின. பியானோ கற்றுக் கொண்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண் பிள்ளைகள். கடைக்குப் போய்ப் புதிய பாட்டைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர்களும் பெண்களே. ஆகவே, இசைத்தாள் வணிகத்தின் முதல் வாடிக்கையாளர் ஒரு பெண் என்றால் அது மிகையாகாது. போர் வந்தபோது அந்தப் பெண்ணே தாயாகவும், மனைவியாகவும், தங்கையாகவும் நின்றாள்.

இந்த வணிகத்தின் தலைமையிடம் நியூயார்க் நகரின் மேற்கு 28ஆவது தெரு. அதற்கு 'டின் பேன் ஆலி' என்று பெயர் விழுந்தது. தகரச் சட்டிச் சந்து என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு பதிப்பகத்தின் ஜன்னலிலிருந்தும் ஒரே நேரத்தில் பல பியானோக்கள் முழங்கியதால், யாரோ தகரச் சட்டிகளைப் போட்டுத் தட்டுவது போல் கேட்டதாம். அங்கே பாட்டு எழுதுவது ஒரு தொழில். எழுதிய பாட்டைப் பரப்புவது அதைவிடப் பெரிய தொழில். மேடைப் பாடகர்களையும் கடைக்காரர்களையும் பிடித்து, புதிய பாட்டை வாசித்துக் காட்டி, அதை அவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் கெர்ஷ்வின், 1914இல் தம்முடைய 15ஆவது வயதில், வாரத்துக்கு 15 டாலர் சம்பளத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தார். ஊல்வொர்த் போன்ற மலிவு விலைக் கடைகளில் ஓர் இசைத்தாள் 10 காசுக்குக் கிடைத்தது. அங்கே ஒரு பெண் பியானோ முன் அமர்ந்து, வருகிறவர்கள் கேட்கும் பாட்டையெல்லாம் வாசித்துக் காட்டுவார்.

பாட்டை விற்றதில் அட்டைப் படத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று கைப்பேசியில் ஒரு சிறு படத்தைப் பார்த்துத்தானே காணொளியைத் திறக்கிறோம்? அன்று அந்த வேலையை இசைத்தாளின் அட்டை செய்தது. அழும் தாய், கணப்பருகே காத்திருக்கும் மனைவி, தொலைபேசியைப் பிடித்திருக்கும் குழந்தை, சிலுவைச் சின்னம் அணிந்த தாதி. இந்தப் படங்களே அன்றைய வீடுகளில் போரின் முகமாக இருந்தன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் முதலாம் உலகப் போர் தொடர்பான இசைத்தாள்கள் மட்டும் 13,000க்கும் அதிகமாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு போரைப் பற்றி இத்தனை பாட்டு!

1915: மகனை அணைத்த தாய்

1914 ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பா போரில் குதித்தது. அமெரிக்கா நடுநிலை வகித்தது. கடலுக்கு அப்பால் நடக்கும் சண்டைக்கு எதற்காகப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதே பெரும்பாலோரின் எண்ணமாக இருந்தது. 1915 ஜனவரியில் வாஷிங்டனில் பெண்கள் கூடி அமைதிக் கட்சி ஒன்றைத் தொடங்கினார்கள். சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், போரிடும் நாடுகளின் பெண்களும் நடுநிலை நாடுகளின் பெண்களும் ஒன்றாகக் கூடிப் பேசினார்கள்.

அந்தச் சூழலில்தான் ஓர் இசைத்தாள் கடைக்கு வந்தது. 'சிப்பாயாக்கவா என் மகனை வளர்த்தேன்?' என்ற பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. வரிகளை எழுதியவர் ஆல்ஃபிரட் பிரையன். மெட்டமைத்தவர் ஆல் பியான்டடோசி. வெளியிட்டவர் லியோ ஃபைஸ்ட். இந்த மூன்று பெயர்களையும் நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். மூவரும் திரும்ப வருவார்கள்.

அந்தப் பாட்டில் பேசுபவள் ஒரு தாய். உலகிலுள்ள தாய்மார்கள் எல்லாரும் ஒன்றாகச் சொன்னால் போர் நின்றுவிடும் என்பது அவளுடைய வாதம். வேறொரு தாயின் அருமை மகனைச் சுடுவதற்காக என் பிள்ளையின் தோளில் துப்பாக்கியை வைப்பவர் யார் என்று அவள் கேட்கிறாள். சில மாதங்களிலேயே 6 லட்சத்துக்கும் அதிகமான தாள்கள் விற்றதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

புறநானூற்றில் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் படித்து வளர்ந்தவர்கள் தமிழர்கள். ஒக்கூர் மாசாத்தியாரின் அந்தத் தாயைத் தெரிந்தவர்களுக்கு, இந்த அமெரிக்கத் தாய் வேறு திசையில் நிற்பது உடனே விளங்கும். இருவரில் யார் பெரியவர் என்பதல்ல இங்கே கேள்வி. இரண்டு தாய்மாரும் உலகில் உண்டு. ஒரு நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தாய்மாருக்கும் பாட இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டின் மெட்டு இரவல் மெட்டு என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1916இல் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் வழக்கை விசாரித்து, வழக்குத் தொடுத்தவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். தாயின் கண்ணீரைச் சொன்ன பாட்டிலும் வணிகத்தின் கை இருந்தது. எது உண்மைக் குரல், எது சந்தைக் குரல் என்று பிரித்துப் பார்ப்பது அன்றும் எளிதாக இருக்கவில்லை.

முன்னாள் அதிபரின் கோபம்

இந்தப் பாட்டைக் கேட்டு மிகவும் கொதித்துப் போனவர் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்கா போருக்கு ஆயத்தமாக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வந்தவர் அவர். இந்தப் பாட்டுக்குக் கைதட்டும் அறிவிலிகள், தாயாவதற்காக என் மகளை வளர்க்கவில்லை என்று ஒரு பாட்டு வந்தால் அதற்கும் மனத்துக்குள் கைதட்டுவார்கள் என்ற கருத்தில் அவர் எழுதினார். பிள்ளை பெறுவது பெண்ணின் கடமை, போருக்குப் போவது ஆணின் கடமை, இரண்டும் ஒரே தராசில் நிற்பவை என்பது அவருடைய கொள்கை.

சந்தையும் சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டு விற்றால் அதற்கு எதிர்ப்பாட்டு போடுவது டின் பேன் ஆலியின் வழக்கம். 'சிப்பாயின் தாயாக இருப்பதில் பெருமைப்படுவேன்' என்று ஒரு பாட்டு வந்தது. 'கோழையாக்கவா என் மகனை வளர்த்தேன்?' என்று இன்னொன்று வந்தது. கேலிப் பாட்டுகளும் வந்தன. எதிர்ப்பாட்டு வந்தது ஒரு வகையில் நல்லது. 1915ஆம் ஆண்டின் கடையில் இரண்டு தாய்மாரின் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. எது தன் மனத்துக்கு ஏற்றதோ, அதை 10 காசு கொடுத்து ஒருத்தி வாங்கிப் போக முடிந்தது.

1917: மூவரும் திரும்பினார்கள்

1915 மே மாதத்தில் லூசிட்டானியா கப்பலை ஜெர்மனியின் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடில்லாத நீர்மூழ்கித் தாக்குதலை மீண்டும் தொடங்கியது. மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க அது அனுப்பிய இரகசியத் தந்தி மார்ச் மாதத்தில் அம்பலமானது. 1917 ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்தது. மே 18ஆம் நாள் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் கையெழுத்தானது. ஜூன் 5ஆம் நாள் 21 வயது முதல் 30 வயது வரையிலான ஆண்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள்.

செய்தி வந்த மறுநாள் காலையிலேயே நாடகக் கலைஞர் ஜார்ஜ் எம். கோஹன் 'ஓவர் தேர்' பாட்டை உருவாக்கத் தொடங்கிவிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கொம்பூதி அழைப்பது போன்ற சில சுரங்களைத் திரும்பத் திரும்ப வைத்து அமைத்த மெட்டு அது. ஒரு முறை கேட்டவர் மறக்க முடியாது. பாடகி நோரா பேய்ஸ் அதை மேடையில் பாடிப் பரப்பினார். அதன் உரிமையை 25,000 டாலர் கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? அதே லியோ ஃபைஸ்ட். மகனை அனுப்ப மாட்டேன் என்ற தாயின் பாட்டை விற்ற அதே பதிப்பாளர். போர் முடிவதற்குள் 'ஓவர் தேர்' 20 லட்சம் தாள்களைத் தாண்டி விற்றது. ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த ஓர் அட்டையில், கூடார நெருப்பைச் சுற்றி அமர்ந்து சிப்பாய்கள் களிப்போடு பாடுகிறார்கள். பிற்காலத்தில் இந்தப் பாட்டுக்காக நாடாளுமன்றமே கோஹனுக்குத் தங்கப் பதக்கம் அளிக்கச் சட்டம் இயற்றியது.

சரி, மற்ற இருவர்? பாடலாசிரியர் பிரையன் 1917இல் எழுதிய ஒரு பாட்டின் தலைப்பு, 'ஒவ்வோர் இளைஞனும் சிப்பாயாகும் நேரம் இது' என்ற பொருள் கொண்டது. மெட்டமைத்த பியான்டடோசி அதே 1917இல் இசையமைத்த பாட்டு, 'புன்னகையோடு என்னை வழியனுப்பு' என்ற பொருளில் அமைந்தது. ஆக, பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், அச்சிட்டு விற்றவர் ஆகிய மூவரும் இரண்டே ஆண்டுகளில் எதிர்த் திசையில் திரும்பிவிட்டார்கள். மாறாமல் இருந்தது ஒன்றுதான். அழக்கூடாது என்று இப்போது சொல்லப்படுபவள், முன்பு அழுதுகொண்டிருந்த அதே பெண்.

இதை வைத்து இவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிடலாமா? அது அவசர முடிவாகிவிடும். கப்பல் மூழ்கியதையும் தந்தி அம்பலமானதையும் பார்த்து நாட்டு மக்களில் பலர் உண்மையாகவே மனம் மாறினார்கள். பாட்டு எழுதுபவர்களும் அந்த மக்களுக்குள் அடக்கம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1917 ஜூன் மாதத்தில் உளவுச் சட்டம் வந்தது. 1918 மே மாதத்தில் தேசத்துரோகச் சட்டம் வந்தது. போருக்கு எதிராகப் பேசிய தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய காலத்தில் எந்தக் கடைக்காரர் பழைய பாட்டைக் கடை முகப்பில் தொங்கவிடுவார்? எந்தத் தாய் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு அதை வாசிப்பாள்?

அதோடு நிற்கவில்லை. அரசின் செய்திப் பரப்புக் குழு, 'நான்கு நிமிட மனிதர்கள்' என்ற பெயரில் ஏறக்குறைய 75,000 பேச்சாளர்களைத் திரட்டியது. திரையரங்கில் படச்சுருள் மாற்றும் நான்கு நிமிட இடைவெளியில் எழுந்து, போர்க் கடன் பத்திரம் வாங்கச் சொல்லிப் பேசுவது அவர்கள் வேலை. பிறகு பேச்சோடு கூட்டுப் பாட்டும் சேர்ந்தது. திரையில் வரிகள் தோன்ற, அரங்கமே சேர்ந்து பாடியது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பாடும்போது ஒருத்தி மட்டும் வாய் மூடி இருந்தால் என்ன நினைப்பார்கள்?

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1915ஆம் ஆண்டுப் பாட்டில் தாய் பேசுகிறாள். 1917ஆம் ஆண்டின் பெரிய பாட்டுகளில் பெரும்பாலும் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள். மகனைப் பார்த்து, உன் தாயைப் பெருமைப்படுத்து என்கிறார்கள். காதலியைப் பார்த்து, ஏங்காதே, சிரித்துக்கொண்டே அனுப்பு என்கிறார்கள். கேள்வி கேட்டவள், அறிவுரை கேட்பவளாகிவிட்டாள்.

வீட்டுக்குள் ஒலித்த பாட்டு

இருந்தாலும், மனித மனத்தை அவ்வளவு எளிதில் பூட்டி வைக்க முடியுமா? அணிவகுப்புப் பாட்டுகளுக்கு நடுவே வேறு வகைப் பாட்டுகளும் வீட்டுக்குள் நுழைந்தன. போர் நல்லது என்றோ கெட்டது என்றோ அவை சொல்லவில்லை. போனவர் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லின.

1918இல் வந்த ஒரு பாட்டில் ஒரு குழந்தை தொலைபேசியை எடுக்கிறது. 'மத்திய நிலையமா? நோ மேன்ஸ் லேண்டுக்கு இணைப்புக் கொடுங்கள்' என்ற பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையில் கிடக்கும், யாருக்கும் சொந்தமில்லாத சாவு நிலம்தான் நோ மேன்ஸ் லேண்ட். அங்கே இருக்கும் அப்பாவோடு பேச வேண்டுமாம் குழந்தைக்கு. பாடகர் ஆல் ஜோல்சன் மேடையில் பாடிப் புகழ் பெற்ற பாட்டு இது.

இதைக் கேட்டவர்களுக்கு இன்னொரு பழைய பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். 1901ஆம் ஆண்டிலேயே சார்ல்ஸ் ஹாரிஸ் ஒரு தொலைபேசிப் பாட்டு எழுதியிருந்தார். அதிலும் ஒரு குழந்தை மத்திய நிலையத்தை அழைக்கிறது. அது கேட்கும் இணைப்பு சொர்க்கத்துக்கு. அங்கே அதன் தாய் இருக்கிறாள். பழைய பாட்டைத் தெரிந்த ஒரு வீட்டில் புதிய பாட்டை வாசித்தபோது, சொர்க்கம் இருந்த இடத்தில் போர்க்களம் வந்து நின்றது. அப்பா திரும்ப மாட்டார் என்று பாட்டு சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சட்டத்துக்கு அகப்படாத ஒரு துயரம் அந்தத் தாளில் மறைந்து வீட்டுக்குள் வந்தது.

அதே 1918இல், ரிச்சர்ட் வைட்டிங் மெட்டமைத்து ரேமண்ட் ஈகன் எழுதிய 'மீண்டும் சந்திக்கும் வரை' என்ற பாட்டு வந்தது. சரிப்பட்டு வரவில்லை என்று வைட்டிங் குப்பைக் கூடையில் எறிந்த தாளை அவர் மனைவி எடுத்து வைத்துப் பதிப்பாளரிடம் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அணிவகுப்புத் தாளம் அதில் இல்லை. மெதுவாகச் சுழலும் வால்ஸ் நடையில் அமைந்த பாட்டு. பல லட்சம் தாள்கள் விற்று, அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. கொம்பு முழக்கத்தை வாங்கிய அதே கைகள் இதையும் வாங்கின என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த வேளையில் இலண்டனையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1914இல் ஐவர் நோவெல்லோ என்ற 21 வயது இளைஞர் மெட்டமைத்த ஒரு பாட்டு, பிரிட்டிஷ் இல்லங்களின் கீதமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் திரும்பும் வரை வீட்டுக் கணப்பு அணையாமல் பார்த்துக் கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. வரிகளை எழுதியவர் லீனா கில்பர்ட் ஃபோர்டு. இலண்டனில் குடியிருந்த அமெரிக்கப் பெண். இல்லத்தில் இருந்தவர்களைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டுகளில், இல்லத்தில் இருந்த ஒரு பெண்ணே எழுதிய அரிய பாட்டு அது. 1918 மார்ச் மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மீது குண்டு வீசின. அவர் குடியிருந்த வீடு இடிந்து விழுந்தது. அவரும் அவருடைய மகனும் அந்த இடிபாட்டில் மாண்டார்கள். கணப்பைக் காத்து வையுங்கள் என்று எழுதியவருடைய கணப்பையே போர் தேடி வந்தது.

போர்க்களம் வேறு, வீடு வேறு என்று இசைத்தாள் அட்டைகள் வரைந்து காட்டிய எல்லைக் கோடு அவ்வளவு உறுதியானதல்ல. வீட்டுப் பொருள்களிலும் அது தெரிந்தது. 1918இல் காகிதத்தைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக இசைத்தாளின் அளவையே குறைத்தார்கள். பெரிய தாளில் வந்த பாட்டு சிறிய தாளுக்குச் சுருங்கியது. சில பதிப்புகள் அதைவிடச் சிறியவை. கோதுமையையும் இறைச்சியையும் போலப் பாட்டும் சிக்கனத்துக்கு உட்பட்டது.

அட்டையில் இடம் பெறாதவர்கள்

இந்த இசைத்தாள்கள் எல்லாத் தாய்மாருக்காகவும் பாடினவா? இல்லை என்பதே உண்மை. அட்டையில் வரையப்பட்ட தாய் பெரும்பாலும் வெள்ளைத் தாய். கறுப்பினச் சிப்பாய்கள் சில அட்டைகளில் வந்தார்கள். ஆனால், தடித்த உதடும் உருளும் கண்ணுமாக, சிரிப்பு மூட்டும் பொம்மைகளாகவே வரையப்பட்டார்கள். அவர்களும் அதே ஐரோப்பிய மண்ணில்தான் இரத்தம் சிந்தினார்கள்.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின வீரர்களைக் கொண்டது 369ஆவது காலாட்படை. சொந்த நாட்டுப் படைகளோடு சேர்த்துக் கொள்ளப்படாமல், பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் அது போரிட்டது. 191 நாள் முன்னணியில் நின்றது. அந்தப் படையின் இசைக்குழுவை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். 1912இலேயே கார்னகி அரங்கில் கறுப்பினக் கலைஞர்களின் இசை நிகழ்ச்சியை நடத்திக் காட்டியவர். அவர் இசைக்குழுத் தலைவர் மட்டுமல்லர், இயந்திரத் துப்பாக்கிப் படை அதிகாரியும் கூட. 1918இல் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, இரவில் ரோந்து போகும் அனுபவத்தைப் பற்றி ஒரு பாட்டை உருவாக்கினார். டின் பேன் ஆலி ஜன்னலோரம் அமர்ந்து கற்பனை செய்த போருக்கும், இவர் நெஞ்சில் ஏறிய புகைக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பாட்டில் தெரியும்.

1919 பிப்ரவரி 17ஆம் நாள் அந்தப் படை நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் அணிவகுத்து வந்தது. நகரமே திரண்டு வரவேற்றது. ஆனால், மே 9ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில், தம் குழுவின் மேளக்காரர் ஒருவர் கத்தியால் குத்தியதில் யூரோப் உயிரிழந்தார். போர் விட்டு வைத்த உயிர் அது.

தங்க நட்சத்திரம்

முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டை மறந்துவிடக்கூடாது. தாயின் பாட்டைப் பார்த்துச் சீறிய அவர், சொன்னதைச் செய்து காட்டியவரும் கூட. அவருடைய நான்கு மகன்களும் போருக்குப் போனார்கள். கடைக்குட்டி குவென்டின் விமானப் படையில் சேர்ந்தார். 1918 ஜூலை 14ஆம் நாள் பிரான்சு நாட்டு வானில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வயது 20. அடுத்த ஜனவரியில் ரூஸ்வெல்ட் காலமானார். இதைச் சொல்வது அவரைக் குத்திக் காட்டுவதற்காக அல்ல. அவருடைய கொள்கை போலிக் கொள்கை அல்ல என்பதற்கு அந்த மரணமே சாட்சி. ஆனால், சாகப் போவது யார் என்று கேட்ட அந்தப் பாட்டுத் தாயும் வீணாகக் கேட்கவில்லை என்பதற்கும் அதே மரணம்தான் சாட்சி.

போர்க் காலத்தில் அமெரிக்க வீடுகளின் ஜன்னலில் ஒரு சிறு கொடி தொங்கும். படையில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீல நட்சத்திரம். பிள்ளை இறந்துவிட்டால் நீலத்தின் மேல் தங்க நிறம் ஏறும். இசைத்தாள் அட்டைகளிலும் இந்தக் கொடி வந்தது. ஏறக்குறைய 1 லட்சத்து 16 ஆயிரம் அமெரிக்க வீரர்கள் அந்தப் போரில் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது குண்டல்ல, நோய்.

பல ஆண்டுகள் கழித்து, 1930 முதல் 1933 வரை, அமெரிக்க அரசு தன் செலவில் ஓர் ஏற்பாடு செய்தது. ஐரோப்பாவில் அடக்கம் செய்யப்பட்ட வீரர்களின் தாய்மாரையும் விதவைகளையும் கப்பலில் அழைத்துச் சென்று கல்லறைகளைக் காட்டியது. 6,600க்கும் அதிகமான பெண்கள் போய் வந்தார்கள். அங்கேயும் கறுப்பினத் தாய்மார்கள் தனிக் கப்பலில்தான் ஏற்றப்பட்டார்கள். அந்த அவமதிப்பை ஏற்காமல், மகனின் கல்லறையைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று பயணத்தை மறுத்த தாய்மாரும் இருந்தார்கள். எந்த இசைத்தாளும் அச்சிடாத மறுப்பு அது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். தாயின் பாட்டை மாற்றியது யார்? மூழ்கிய கப்பல் ஓரளவு மாற்றியது. சட்டம் ஓரளவு மாற்றியது. 10 காசுக்கு எது விற்கும் என்று கணக்குப் போட்ட தகரச் சட்டிச் சந்து ஓரளவு மாற்றியது. ஆனால் தாயின் மனத்தை யாரும் முழுமையாக மாற்றிவிடவில்லை. கொம்பு முழங்கும் பாட்டை வெளியில் பாடியவள், வீட்டுக்குள் வந்து குழந்தையின் தொலைபேசிப் பாட்டை வாசித்தாள். இரண்டும் அவளுடைய பாட்டுகள்தாம். இரண்டாம் உலகப் போரின்போது இன்னொரு 'ஓவர் தேர்' வேண்டும் என்று அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகம் தேடியது. கிடைக்கவில்லை. 1942இல் மக்களும் சிப்பாய்களும் விரும்பிக் கேட்டது, வீட்டையும் கிறிஸ்துமஸ் பனியையும் நினைத்து ஏங்கும் இர்விங் பெர்லினின் பாட்டைத்தான்.

இசைத்தாள் கோலோச்சிய காலம் இன்று இல்லை. ஆனால் போர்களும் இருக்கின்றன, போர்ப் பாட்டுகளும் இருக்கின்றன. தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அவை வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அழும் தாயின் படம் ஒன்று கண்ணில் படும்போது, அவளே பேசுகிறாளா, அவள் பெயரைச் சொல்லி வேறு யாராவது பேசுகிறார்களா என்று ஒரு கணம் நின்று கேட்பது நல்லது. பத்துக் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்குப் பிள்ளையை விலையாகக் கொடுத்தவர்கள் இந்த உலகில் இருந்திருக்கிறார்கள்.